மெல்போர்டு ஆலயத்தின் சுவரெழுத்துக்கள்

இங்கிலாந்து தேசத்துக் கட்டடக்கலையைப் பற்றி நம்மவர் எழுதப் புகுங்கால், காண்டர்பரி, யார்க், டர்ஹம் முதலிய பேராலயங்களையே எடுத்துப் பேசுதல் வழக்கம். அவை அரசரும் அத்தியட்சரும் துறவியர் மடங்களும் எடுப்பித்தவை. அவற்றின் பெருமையை நாம் மறுப்போமல்லோம். ஆயினும், அந்நாட்டு நெசவாளரும் வணிகரும் உழவரும் தம் கைப்பொருளைக்கொண்டு யாது கட்டினர், எதன் பொருட்டுக் கட்டினர் என்று அறிய விரும்புவோர், ஊர்தோறும் உள்ள சேகர ஆலயங்களையே நோக்குதல் வேண்டும். அங்ஙனம் நோக்கத்தக்கவற்றுள், ஸப்போக் ஜில்லாவில் லாங் மெல்போர்டு என்னும் ஊரிலுள்ள பரிசுத்த திரித்துவ ஆலயத்தை ஈண்டு எடுத்துக்கொண்டோம். அதனைக் கட்டினோர் தம் கருத்தைச் சுவரிலேயே எழுதிவைத்துச் சென்றனர். அக்கருத்து நெடுநாள் நிறைவேறவில்லை. அவ்வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும்.

ஸ்டவர் ஆற்றின் பள்ளத்தாக்கில், ஒரே தெருவாக ஒரு மைலுக்குமேல் நீண்டு கிடப்பது இவ்வூர். 'லாங்' என்னும் அடைமொழி அந்நீளம் பற்றி வந்தது. தெரு முடியுமிடத்தில் ஒரு பெரிய புல்வெளி. அதன் வட கோடியில் மேட்டின்மீது ஆலயம். மத்திய காலத்தில் இவ்வூரின் நிலவுரிமை பெரி ஸெயின்ட் எட்மண்ட்ஸ் என்னும் பெரிய மடத்திற்குரியதாயிருந்தது. எனினும், இவ்வாலயத்திற்குப் பணம் வந்தது மடத்தினின்று அன்று. கம்பளித் துணியினின்றே வந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஸப்போக் ஜில்லாவின் தென்பகுதி ஊர்கள் ஆட்டு மயிரை நூற்று, நெய்து, சாயமேற்றிக் கடல்கடந்த நாடுகளுக்கும் விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டின. அண்டையிலுள்ள லாவன்ஹம் என்னும் ஊரின் ஆலயமும் அச்செல்வத்தின் விளைவேயாம். நூல் நூற்போரும் தறி நெய்வோரும் பெற்ற கூலி சிறிது. அவர்களிடம் துணி வாங்கி விற்ற வணிகர் பெற்ற இலாபம் பெரிது. ஆலயச் சுவரில் எவர் பெயர்கள் உள்ளன என்று படிக்கும்பொழுது இதனை நினைவில் வைத்தல் நலம்.

அக்காலத்துச் சேகர ஆலயம் ஒன்றின் அமைப்பை முதலில் அறிதல் தகும். ஆலயம் கிழக்கு மேற்காக நீண்டிருக்கும். கிழக்குக் கோடியில் பலிபீடம் அமைந்த பகுதி. அதற்கு மேற்கே சபையார் கூடும் நடுக்கூடம். அதன் இருமருங்கும் தூண்வரிசைக்கு அப்பால் பக்கக்கூடங்கள். மேற்குக் கோடியில் மணிக்கோபுரம். பீடப்பகுதியைப் பழுதுபார்த்தல் சேகரத்துக் குருவின் கடமை. நடுக்கூடத்தைக் காத்தல் ஊராரின் கடமை. இப்பழைய வழக்கத்தின் பயன் யாதெனின், ஓர் ஊர் செல்வமடைந்தபோது அதன் நடுக்கூடமே முதலில் ஓங்கி வளர்ந்தது. மெல்போர்டு ஆலயத்தின் நடுக்கூடம் ஒன்பது வளைவுகளைக்கொண்டு ஏறத்தாழ 150 அடி நீளமுடையது. சேகர ஆலயங்களின் நடுக்கூடங்களுள் இதுவே நீண்டதென்று கருதப்படுகின்றது. மேற்கேயுள்ள ஐந்து வளைவுகள் முன்னிருந்த ஆலயத்தைச் சார்ந்தன என்பர். ஏனையவை பெரும்பாலும் 1460-க்கும் 1500-க்கும் இடைப்பட்ட காலத்து வேலை.

கட்டடப் பாணி, ஆங்கிலேயருக்கே சிறப்பாக உரிய நிமிர்கோட்டுப் பாணியாகும். சாளரத்தின் நடுவேயுள்ள கற்கம்பிகள் வளைந்து பூவேலைகளாய்ப் பிரிந்து செல்லாமல், அடியினின்று உச்சிவரை நேராக ஓடும். தூண்களின் பருமன் குறைந்து, சாளரங்களின் அகலம் மிகும். பக்கக்கூடத்தின் கூரைக்கு மேலாக நடுக்கூடத்துச் சுவர் எழும்பி, அங்கும் இடைவெளியின்றிச் சாளரங்கள் அமைந்திருக்கும். மெல்போர்டில் இதனைத் தொலைவிலிருந்து நோக்குவார்க்குச் சுவரே இல்லை, கண்ணாடியே கூரையைத் தாங்குகின்றது என்ற மயக்கம் உண்டாகும். வெறும் வெளிச்சத்திற்காக அங்ஙனம் செய்தாரல்லர். சாளரந்தோறும் வண்ணக் கண்ணாடியில் திருவுருவங்களையும், கொடையாளர் முழந்தாளிட்டு நிற்கும் படங்களையும் நிரப்ப இடம் வேண்டியிருந்தது.

இனிச் சுவருக்கு வருவோம். ஸப்போக் ஜில்லாவில் நல்ல கட்டடக்கல் கிடைப்பதில்லை. அங்கே மண்ணில் மலிந்து கிடப்பது சக்கிமுக்கிக்கல் ஒன்றே. சீமைச்சுண்ணாம்புப் படிவங்களின் இடையே விளையும் அக்கல், வெளியே வெண்மையான தோலும் உள்ளே கருநீலமுமாக உருண்டை உருண்டையாகக் கிடைப்பது. அதனைச் சதுரக் கல்லாகச் செதுக்கி அடுக்க இயலாது. ஆனால், சுத்தியலால் தட்டிப் பிளந்தால் கண்ணாடிபோல் மின்னும் கரிய முகம் தோன்றும். தச்சர்கள் வெளியூரினின்று வண்டியிலும் ஓடத்திலும் கொணர்ந்த வெண்ணிறச் சுண்ணாம்புக்கல்லை எழுத்தாகவும் கொடியாகவும் வெட்டி, இடையிலுள்ள பள்ளங்களில் பிளந்த சக்கிமுக்கிக்கல்லை இழைத்துப் பதித்தனர். கரும்பலகையில் வெள்ளெழுத்து எழுதினாற்போல் அது விளங்கும். இல்லாமையே ஒரு கலையைப் பிறப்பித்ததற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

இவ்வேலையைப் பிற ஊர் ஆலயங்களில் அலங்காரமாகவே காண்கின்றோம். மெல்போர்டில் அது நீண்ட வாசகமாயிற்று. கைப்பிடிச்சுவரின் கீழே, மேற்சாளரங்களின் தலைக்குமேல், ஆலயத்தைச் சுற்றிலும் எழுத்துக்கள் ஓடுகின்றன. வேதவாக்கியங்களோ என்று படிக்கத் தொடங்குவோர் வியப்படைவர். அவை மனிதர் பெயர்கள்! இன்னாருடைய ஆன்மாவுக்காக மன்றாடுங்கள், இன்னாருடைய பொருளால் இந்த வளைவு கட்டப்பட்டது என்பதே மீண்டும் மீண்டும் வரும் செய்தி. ரோஜர் மோரியல் என்பவருக்கும் அவருடைய மனைவியர் மார்கரெட், காதரின் என்போருக்குமாக மன்றாடும்படி ஒரு வாசகம் வேண்டுகின்றது. அதில் 1481 என்னும் ஆண்டு குறிக்கப்பட்டுள்ளது. லாரன்ஸ் மார்ட்டின் என்னும் துணி வணிகரின் குடும்பப் பெயரும் உண்டு. பல இடங்களில் வரும் பெயர் ஜான் கிளாப்டன் என்பது. கீழ்க்கோடியில் தேவமாதாவின் சிற்றாலயத்தைச் சுற்றி 1496 என்ற ஆண்டுடன் அவர் பெயரும், அவருடைய பெற்றோர் பெயர்களும், அவர் எவரெவருக்காக மன்றாடக் கடமைப்பட்டவரோ அவர்தம் ஆன்மாக்களும் குறிக்கப்பட்டுள்ளன.

லத்தீன் மொழியில் ஒரு தொடர் இவற்றினிடையே உண்டு. இவற்றை வெளிப்படுத்தியது புகழ் பெறும்பொருட்டன்று, ஆவி நினைவுகூரப்படும்பொருட்டே, இதற்குக் கிறிஸ்துவே சாட்சி என்பது அதன் கருத்து. எட்டத்தில் நின்றும் படிக்கத்தக்க பேரெழுத்துக்களில் தம் பெயரைச் சுவரெங்கும் பொறித்த பின்னர், புகழை விரும்பிலேம் என்பது நமக்குச் சிறிது நகை விளைக்கின்றது. ஆயினும், அதனைப் பொய்யென்று தள்ளிவிடுதல் முறையன்று என்பதே நம் துணிபு. அக்காலத்து நம்பிக்கையின்படி, இறந்தோரின் ஆன்மா உத்தரிக்கிற ஸ்தலத்தில் தன் குறை தீரும்வரை வேதனையுறும். உயிரோடிருப்போர் செய்யும் மன்றாட்டினாலும் குருமார் செய்யும் பூசையினாலும் அவ்வேதனை குறையும். ஆகவே பெயர் அறியப்படுதல் இன்றியமையாததாயிற்று. பெயர் தெரியாதவனுக்காக மன்றாடுவார் யார்? செல்வர் தம் நிலத்தின் வருவாயை ஒதுக்கித் தமக்கென ஒரு குருவை அமர்த்தி, என்றென்றும் பூசை நடத்தும்படி மானியம் எழுதிவைப்பர். மெல்போர்டின் சுவர், கல்லில் எழுதிய ஒரு விண்ணப்பம் எனலாம்.

அவ்விண்ணப்பத்தைத் தாம் வாழ்ந்த நாளிலேயே மரணத்தின் வாயிலினின்று மீண்டு எழுதியவர் ஜான் கிளாப்டன். ஊருக்கு வடக்கேயுள்ள கென்ட்வெல் மாளிகை அவருடைய குடும்பத்தின் இருப்பிடம். இரு அரச மரபினர் முடிக்காகப் போர் புரிந்துகொண்டிருந்த காலம் அது. 1462-ல், நான்காம் எட்வர்டு மன்னருக்கு எதிராகச் சதி செய்ததாக ஆக்ஸ்போர்டு பிரபுவும், அவருடைய மூத்த மகனும், வேறு சிலரும் சிறைப்பட்டனர். கிளாப்டனும் அவர்களுள் ஒருவர். பிரபுவும் மகனும் டடன்ஹம், டிரல், மாண்ட்கோமரி ஆகியோரும் தலை துணிக்கப்பட்டனர். கிளாப்டன் ஒருவர் மட்டும் விடுதலையானார். அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து 1497-ல் இறந்தார். அவ்வாண்டுகளே ஆலயம் எழும்பிய ஆண்டுகளுமாம். காரணகாரியத்தை நாம் வற்புறுத்தவில்லை. அவர் செலவழித்த பொருளுக்கு இந்நிகழ்ச்சி ஒரு பின்னணி என்பதை மட்டும் குறிக்கின்றோம்.

பீடப்பகுதியின் வடசுவரில் உள்ளது அவருடைய கல்லறை. மேலே உருவச்சிலை யாதுமின்றி, தட்டையான பளிங்குப் பெட்டியாக அமைந்தது. அதற்கு மேலுள்ள வளைவில், உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் ஓவியமும், கிளாப்டனும் மனைவி ஆலிஸும் மக்களும் முழந்தாளிட்ட ஓவியங்களும் உள்ளன. அக்கல்லறை தட்டையாயிருப்பதற்குக் காரணம் உண்டு. பெரிய வெள்ளிக்கிழமையன்று நற்கருணையை அதன்மேல் கல்லறையில் வைப்பதுபோல் வைத்து, உயிர்த்தெழுந்த ஞாயிறன்று எடுப்பர். தம் எலும்பின்மேல் ஆண்டுதோறும் கிறிஸ்து கிடந்தெழ வேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்துகொண்டார். அருகே அவருடைய பூசைக்கென அமைந்த சிற்றறை. அதன் மேற்சுவரைச் சுற்றி, பெரி மடத்துத் துறவியாகிய ஜான் லிட்கேட் என்னும் கவியின் ஆங்கிலச் செய்யுட்கள், சுருண்டு செல்லும் ஏட்டின்மேல் எழுதியதுபோல் தீட்டப்பட்டுள்ளன. சாளரத்தில் ஒரு சிறு கண்ணாடி ஓவியம்: கிறிஸ்து சிலுவைமரத்திலன்றி ஒரு லீலிச் செடியின்மேல் அறையப்பட்டிருக்கின்றார். இத்தகைய ஓவியங்கள் இங்கிலாந்தில் மிகச் சிலவே எஞ்சின.

ஆலயம் முழுமையாக விளங்கிய நாளில் எங்ஙனம் இருந்தது என்பதை நாம் ஊகித்தறிய வேண்டுவதில்லை. ரோஜர் மார்ட்டின் என்பவர் எழுதிய குறிப்பு ஒன்று அழியாமல் நிற்கின்றது. மேலே கூறிய துணி வணிகர் மார்ட்டின் குடும்பத்தவர் அவர். எட்டாம் ஹென்றியின் காலத்தில் சிறுவராயிருந்தவர். எலிஸபெத் அரசியாரின் காலத்திலும் பழைய ரோமன் சமயத்தை விடாது நின்று, அதனால் துன்பமுற்று, 1615-ல் முதியவராய் இறந்தார். தாம் சிறுவயதிற் கண்ட ஆலயத்தை முதுமையில் நினைந்து எழுதினார். ஒரே பெரிய மரத்தினின்று கடைந்து, பொன் பூசி, குதிரைவீரரும் காலாட்களும் கல்வாரி மலையில் கிறிஸ்துவைச் சூழ்ந்து நிற்பதாக அமைத்த சிற்பம் பலிபீடத்தின் பின்னே இருந்தது; பெருநாட்களில் மட்டும் அதன் கதவுகள் திறக்கப்பட்டன. ஆலயத்தின் முழு அகலத்திற்கும் குறுக்கே சிலுவை மேடை ஒன்று நின்றது. அதன் முகப்பிலே பன்னிரு அப்போஸ்தலரின் படங்கள். அதனருகே ஆர்கன் என்னும் இசைக்கருவி. கூரையெங்கும் பொன் நட்சத்திரங்கள். மரித்த மகனை மடியிற் கிடத்திய தாயின் சொரூபத்தைப் பற்றி அவர் எழுதுமிடம் கல் நெஞ்சையும் கரைக்கும். அவள் கன்னத்துக் கண்ணீர் மகனுடைய உடலை நனைப்பதுபோல் இருந்தது என்கின்றார்.

குருத்தோலை ஞாயிற்றில், நான்கு பேர் தாங்கிய விதானத்தின்கீழ் நற்கருணையை ஏந்தி ஆலய முற்றத்தைச் சுற்றி வருவர். ஒரு சிறுவன் உயரத்தில் நின்று பாடுவான். கூடிநின்ற பிள்ளைகளிடையே பூக்களும் மெல்லிய அப்பங்களும் வீசப்படும். பரிசுத்த யாக்கோபு திருநாளின் முந்தின இரவு பெருநெருப்பு மூட்டி, ஏழைகளுக்கு ரொட்டியும் ஒரு தொட்டி மதுவும் கொடுப்பர். வேறு சில திருநாட்களின் முந்தின இரவுகளில் மார்ட்டினுடைய வீட்டு வாயிலிலும் நெருப்பு மூட்டப்படும்; ஒரு முறை ஆட்டிறைச்சி அடைத்த பணியாரமும் பட்டாணிக்காயும் பலகைகளில் பரப்பப்படும்; பாட்டனாருடன் ஒரே பந்தியில் ஏழை அயலாரும் சிலர் அமர்வர். சமய வாதம் எழுதுவதாக எண்ணிய முதியவர், இறைச்சிப் பணியாரத்தையும் மறவாது எழுதியது நமக்கு மிக்க உவகை தருகின்றது. அவர் இழந்தது கொள்கை மட்டுமன்று, ஓர் ஊரின் ஆண்டு முழுவதுமாம் என்பது இவ்வற்பச் செய்திகளாலன்றோ விளங்குகின்றது!

அழிவு படிப்படியாக வந்தது. 1539-ல் பெரி மடம் கலைக்கப்பட்டது. 1547-ல், ஆறாம் எட்வர்டு சிறுவராய் அரியணை ஏறிய ஆண்டில், இறந்தோர் பூசைக்கென வைத்த மானியங்கள் யாவும் சட்டத்தால் அரசாங்கத்தைச் சேர்ந்தன. தேவமாதா சிற்றாலயத்தில் 1496 என்று பொறித்து ஐம்பத்தோராண்டே ஆயிற்று. என்றென்றும் என்று எழுதிய மானியம் இரண்டு தலைமுறைக்கும் தாங்கவில்லை. உத்தரிக்கிற ஸ்தலம் என்பதே வேதத்தில் இல்லாதது என்று புதிய போதகர் கூறினர். சொரூபங்கள் இறக்கப்பட்டன. மேரி அரசியார் காலத்தில் 1553 முதல் ஐந்தாண்டு பழைய முறை மீண்டது. 1559-க்குப்பின் முற்றிலும் ஒழிந்தது. இயேசுவின் பக்கக்கூடம் எனப்பட்ட தம் குடும்பப் பகுதியில் இருந்த, இரு கள்வரிடையே கிறிஸ்து தொங்கும் பலகை ஒன்றை மார்ட்டின் தம் வீட்டில் வைத்திருந்தார். அது பழுதுற்றுக் கிடக்கின்றது, என் சந்ததியார் ஒருநாள் அதனைச் செப்பஞ்செய்து மீண்டும் ஆலயத்தில் வைப்பர் என நம்புகின்றேன் என்று எழுதினார்.

சீர்திருத்தத்தால் விளைந்த நன்மைகளை நாம் அறிவோம். மக்கள் தம் தாய்மொழியில் வேதம் வாசித்தது அதனாலேயே. ஆயினும், அதன்பொருட்டு இத்தனை மரமும் கல்லும் உடைபட வேண்டியிருந்ததோ என்று வினவுதல் பிழையாகாது. 1642 ஆகஸ்டில், உள்நாட்டுப் போர் மூளுந்தருணத்தில், ரோமன் சமயத்தவராகிய ரிவர்ஸ் பிரபுபத்தினியின் மெல்போர்டு மாளிகையை ஒரு பெருங்கூட்டம் சூறையாடியது. அடுத்த ஆண்டில் பார்லிமெண்டு பிறப்பித்த ஆணையைக்கொண்டு வில்லியம் டௌஸிங் என்பவர் கேம்பிரிட்ஜ், ஸப்போக் ஜில்லாக்களில் இருநூற்றுக்கு மேற்பட்ட ஆலயங்களுக்குச் சென்று உருவங்களை உடைத்தும் உடைப்பித்தும் நாட்குறிப்பு எழுதினார். மன்றாடுங்கள் என்று வேண்டும் பித்தளைப் பட்டயங்களைப் பெயர்த்தெடுப்பதும் அவர் பணியாயிருந்தது. மெல்போர்டில் சொரூபங்கள் நின்ற மாடங்கள் இன்றும் வெறுமையாகவே உள்ளன. சுவரின் உச்சியில் கல்லோடு கல்லாய் இழைந்த எழுத்துக்களோ தப்பின.

வேறு சிலவும் தப்பின. மேற்சாளரங்களை நிரப்பியிருந்த கண்ணாடியில் எஞ்சியதைக் கீழ்ச் சாளரங்களில் சேர்த்து வைத்துள்ளனர். கொடையாளரும் அவர்தம் உறவினரும் கைகூப்பி முழந்தாளிட்டிருக்கின்றனர்; நார்போக் பிரபுபத்தினி எலிஸபெத் டால்பட் அவர்களுள் ஒருவர். வடக்கு வாயிலின்மேலே ஒரு சிறு வட்டத்தில் மூன்று முயல்கள் ஓடுகின்றன. மூன்றுக்கும் சேர்த்து மூன்றே காதுகள், எனினும் ஒவ்வொன்றையும் நோக்கின் இரு காதுகள் தோன்றும். பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வெண்பளிங்குப் புடைப்புச் சிற்பம் ஒன்று பதினெட்டாம் நூற்றாண்டில் ஆலயத் தளத்தின்கீழே புதைந்து கிடந்து வெளிப்பட்டது. சாஸ்திரிகள் மூவர் குழந்தை இயேசுவைப் பணிவதாக அமைந்த அது, இப்பொழுது வடக்குப் பக்கக்கூடத்துச் சுவரில் உள்ளது.

கோபுரத்தைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை. பழைய கோபுரம் 1710-ஆம் ஆண்டளவில் இடி விழுந்து பாழாயிற்று. அதனிடத்தில் செங்கல்லால் ஒன்று கட்டினர். 1898 முதல் 1903 வரை ஜி. எப். பாட்லி என்னும் சிற்பாசிரியர் அச்செங்கற்கோபுரத்தின்மேல் கல்லும் சக்கிமுக்கியும் போர்த்து உயர்த்தினார். தொலைவிலிருந்து பார்ப்பார் அதனையும் பழையதென்றே கொள்வர். ஆலய முற்றத்தில் அடக்கம் செய்யப்பட்டோருள், முதல் உலகப்போரில் போர்முனை கண்டு பின்னர் ஆக்ஸ்போர்டில் கவிதைப் பேராசிரியராயிருந்த எட்மண்ட் பிளண்டன் ஒருவர். அவர் 1974-ல் இவ்வூரிலேயே இறந்தார்.

எஞ்சியது தேவமாதாவின் சிற்றாலயம். பீடப்பகுதிக்கும் கிழக்கே, தனி வீடுபோல் மூன்று கூரைமுகப்புகளுடன் நிற்பது அது. நடுவே தூண்கள் சூழ்ந்த ஓர் உள்ளறையும், அதனைச் சுற்றி வலம்வரத்தக்க நடையும் உடைய இவ்வமைப்பு ஆங்கிலச் சேகர ஆலயங்களில் அரிது. நம் நாட்டுக் கோயிற் பிராகாரங்களைக் கண்டு பழகியவர்க்கு அது புதுமையாய்த் தோன்றாது. பூசையும் விளக்கும் சொரூபமும் ஒழிந்தபின் அவ்விடம் வெறுமையாயிற்று. 1670-ல் ஊரார் அதனைப் பள்ளிக்கூடமாக்கினர். வெளிச்சுவரில் கிளாப்டனுக்காக மன்றாடுங்கள் என்னும் எழுத்து. உள்ளே பிள்ளைகள் வாய்பாடு ஒப்பித்தனர். ஆசிரியரொருவர் பெருக்கல் வாய்பாட்டைக் கிழக்குச் சுவரிலேயே எழுதிவைத்தார். அது இன்றும் அங்கே இருக்கின்றது.